காருக்குள் இருக்கும் பூட்டுக்கு இன்றே சாவி வாங்க வேண்டுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மின்சார எஸ்யூவி ஒன்றின் நடு வேரியண்டை புக் செய்திருக்கிறாராம். தினமும் தர்மபுரிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். மாதம் இரண்டு முறை ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூரு. அவ்வப்போது தொப்பூர் இறங்கி சேலத்தில் மாமனார் வீடு. ஷோரூமில் மூன்று சாஃப்ட்வேர் பேக்குகளை, அதாவது கூடுதல் காசுக்குத் திறந்துவிடும் வசதிகளை, நீட்டியிருக்கிறார்கள்: வேகத்தையும் சாலைக் கோட்டையும் வண்டியே கவனித்து ஓட்ட உதவும் ஓட்டுநர் உதவி 45,000 ரூபாய், கூடுதல் பவர் 30,000, போன் ஆப்பிலிருந்து வண்டியைப் பார்க்கவும் ஏசி போடவும் மூன்று வருடக் கனெக்டட் சேவை 20,000. மொத்தம் 95,000. "லோனோட சேர்த்துடலாம் சார், மாசம் ரெண்டாயிரம்கூட வராது. டெலிவரி ஆகி 90 நாள் தாண்டினா விலை ஏறிடும்" என்று விற்பனைப் பையன் சொன்னாராம். வாங்கலாமா, தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடுங்கள். பவர் பேக்கை மறந்தே விடலாம். கனெக்டட் சேவையை வருடாவருடம் கட்டலாமா என்று கேளுங்கள், மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். யோசிக்கத் தகுந்தது ஓட்டுநர் உதவி ஒன்றுதான். அதற்கும் அந்தப் பையனே உங்களுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்துவிட்டார், கவனித்தீர்களா? 90 நாள் வரை இதே விலை என்றால் 80-வது நாள் முடிவு செய்தால் போதும். மிரட்டலாகச் சொன்னதை அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 90 நாளை மட்டும் மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

நான் ஓசூர்ப் பக்கம் வாகன எலக்ட்ரானிக்ஸில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். வீடு கிருஷ்ணகிரியில். நாலு வருடமாக மின்சாரக் கார்தான் ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விலைக்குள் போவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் காசு கொடுக்கப்போகும் விஷயத்துக்கான சாமான் வண்டிக்குள் ஏற்கனவே இருக்கிறதா? ஒரே வரிசையில் நாலு விதமான ஒயரிங், மூன்று விதமான கேமரா என்று மாற்றி மாற்றிப் பொருத்துவது தொழிற்சாலைக்குப் பெரிய தலைவலி. எல்லா வண்டிக்கும் ஒரே சாமானைப் போட்டுவிட்டு, சாஃப்ட்வேரில் பூட்டி வைத்து, காசு கொடுத்தவருக்கு மட்டும் திறந்துவிடுவது மலிவு. நம் பக்கத்தில் இதைப் பார்க்க கார் ஷோரூம்வரை போக வேண்டியதில்லை. ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டர் வாங்கியவர்களைக் கேளுங்கள், கூடுதல் காசு கட்டினால் வசதிகளைத் திறந்துவிடும் 'ப்ரோ பேக்' பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

இந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்று உலகத்துக்கே தெரிந்தது 2017 செப்டம்பரில். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை இர்மா புயல் தாக்க வந்த நேரம், ஊரைக் காலி செய்து ஓடிய மக்களில் டெஸ்லா வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலருடைய வண்டி 60 கிலோவாட் மணி பேட்டரி என்று விற்கப்பட்டது. உள்ளே இருந்ததோ 75. மீதியை சாஃப்ட்வேர் பூட்டியிருந்தது. புயல் நேரத்தில் கம்பெனி எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்தி அந்த மீதியைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் இரண்டு விஷயம் புரிந்தது: பேட்டரி முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது, சாவி நம் கையில் இல்லை. (இதில் ஒரு வேடிக்கை. பூட்டிய பேட்டரிக்காரர்கள் தினமும் 100 சதவீதம் சார்ஜ் போட்டாலும் பேட்டரி நிஜத்தில் நிரம்பாது, அதனால் தேய்மானமும் குறைவு.)

சாமான் உள்ளே இருந்தால் தள்ளிப்போடுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஒரு வருடம் கழித்தும் திறக்கலாம். இல்லையென்றால் பிற்பாடு எவ்வளவு கொடுத்தாலும் வராது. ஓட்டுநர் உதவிக்கு பம்பருக்குப் பின்னால் ரேடாரும், முன்கண்ணாடியின் உள்பக்கம் நடுக்கண்ணாடிக்கு மேலே கேமராவும் பெரும்பாலான வண்டிகளில் வேண்டும். உங்கள் நடு வேரியண்டில் அவை இருக்கின்றனவா? விற்பனைப் பையனைக் கேட்டால் "எல்லாம் இருக்கு சார்" என்பார். சர்வீஸ் பக்கம் போய் அட்வைசரைக் கேளுங்கள். அதே வேரியண்டில் டெமோ வண்டி ஒன்றில் ஸ்கேனரை மாட்டினால் என்னென்ன கண்ட்ரோல் யூனிட் (வசதிகளை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்) இருக்கிறது என்று திரையில் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. இல்லை என்று தெரிந்தால், அது சாஃப்ட்வேர் பிரச்சினையே இல்லை, வேரியண்ட் பிரச்சினை. புக்கிங்கை மாற்றுவதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இனி விலை. "ஏறிடும்" என்ற சொல்லுக்கு நாம் எல்லோரும் பயப்படுகிறோம். நீங்கள் பாலக்கோட்டுக்காரர், தக்காளி மண்டியைப் பார்த்து வளர்ந்தவர். வரத்து குறைந்தால் கூடை விலை எங்கேயோ போகும், வரத்து குவிந்தால் ரோட்டோரம் கொட்டுவார்கள். அங்கே பயம் நியாயம், சரக்கு அழுகும், தீர்ந்தும் போகும். சாஃப்ட்வேர் அழுகாது, தீராது. இன்னொரு வண்டிக்குத் திறந்துவிட கம்பெனிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் அதன் விலையை வைப்பது வரத்து இல்லை, அந்தக் காலாண்டில் எவ்வளவு விற்க வேண்டும் என்ற கணக்கு.

வண்டி தானே ஓட்டிக்கொள்ளும் என்று சொல்லி விற்ற டெஸ்லாவின் 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' பேக்கின் விலைக் கதை இதற்கு நல்ல உதாரணம். 2019 நவம்பரில் 7,000 டாலர். 2020 ஜூலையில் 8,000, அக்டோபரில் 10,000. 2022 ஜனவரியில் 12,000, அதே வருடம் செப்டம்பரில் 15,000. ஒவ்வொரு முறையும் "இனி இன்னும் ஏறும்" என்ற பேச்சு முன்கூட்டியே வரும், கூட்டம் ஓடிப்போய் வாங்கும். அப்புறம் 2023 செப்டம்பரில் 12,000-க்கு இறங்கியது, 2024 ஏப்ரலில் 8,000. உச்சத்தில் வாங்கியவர் பத்தொன்பது மாதத்தில் 7,000 டாலர் கூடுதலாகக் கொடுத்தவராகிவிட்டார். மாதச் சந்தாவும் 2021 ஜூலையில் 199 டாலரில் தொடங்கி, 2024 ஏப்ரலில் 99-க்கு வந்தது. 8,000-ஐ 99-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 81 மாதம். ஆறேமுக்கால் வருடம் விடாமல் சந்தா கட்டினால்தான் மொத்தமாக வாங்கியவர் லாபத்துக்கு வருவார். அதற்குள் பலர் வண்டியை மாற்றிவிடுவார்கள்.

விலை குறைவது ஒரு பக்கம், காசுக்கு விற்றது இலவசமாகிப் போவதும் நடக்கிறது. இருக்கையைச் சூடாக்க மாதச் சந்தா என்று பிஎம்டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் கொண்டுவந்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, 2023-ல் கைவிட்டது. (தர்மபுரியில் மே மாதம் யாராவது இருக்கைச் சூட்டுக்குச் சந்தா கேட்டு வந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.) நம் நாட்டில் டாடா 2022 ஜூலையில் நெக்ஸான் ஈவி பிரைமை அறிமுகம் செய்தபோது, அதிலிருந்த பலநிலை ரீஜென் (வேகம் குறையும்போது கரண்டைப் பேட்டரிக்கே திருப்புவது), க்ரூஸ் கண்ட்ரோல் (காலை எடுத்தாலும் வைத்த வேகத்திலேயே ஓடுவது), டயர் காற்று எச்சரிக்கை ஆகியவற்றைப் பழைய நெக்ஸான் ஈவிக்காரர்களுக்கும் சாஃப்ட்வேர் மூலம் இலவசமாகவே கொடுத்தது. 2023 பிப்ரவரியில் நெக்ஸான் ஈவி மேக்ஸின் சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 437-லிருந்து 453 கிலோமீட்டர் ஆனதும் அப்படியே, சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டால் போதும். இதற்காகக் காத்திருங்கள் என்று சொல்லவில்லை. காத்திருப்பவர் எப்போதும் தோற்றுப்போவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

லோன் கணக்கைப் போட்டுவிடுவோம். 95,000-ஐ 9 சதவீத வட்டியில் ஐந்து வருட லோனில் சேர்த்தால் மாதம் சுமார் 1,972 ரூபாய். பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் மொத்தம் 1,18,000-க்கு மேல் கட்டுவீர்கள், அதாவது 23,000 ரூபாய்க்கு மேல் வட்டி. நாலாவது வருடம் அந்த ஆப் வேலை செய்யாமல் போனாலும் தவணை மட்டும் தவறாமல் போகும்.

தள்ளிப்போட்டால் கையைக் கடிக்கக்கூடிய ஓர் இடமும் உண்டு. பையன் அதைச் சொல்லாமல் விட்டதுதான் ஆச்சரியம். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பேக் வண்டியின் விலைக்குள்ளேயே, ஒரே பில்லில் வந்தால் பொதுவாக அந்த 5-தான் விழும். பிற்பாடு தனியாக சாஃப்ட்வேர் சேவை என்று பில் போட்டால் 18. வரிக்கு முன் விலை 45,000 என்று வைத்தால் இன்று 47,250, பிறகு 53,100. வித்தியாசம் 5,850 ரூபாய். கையில் இருக்கும் காசைக் கொடுத்து, நிச்சயமாகப் பயன்படுத்தப்போகும் பேக்கை வாங்குபவர் என்றால் இது யோசிக்க வேண்டிய தொகை. லோனில் போடுபவருக்கு அந்த லாபம் நிற்காது, 47,250-க்கு ஐந்து வருடத்தில் சுமார் 58,850 கட்டியிருப்பார். கேட்டு வையுங்கள்: 45,000 என்பது வரியோடா, வரி இல்லாமலா, பில் எந்தப் பெயரில் வரும்.

ஓட்டுநர் உதவிக்கு வருவோம். உங்கள் மூன்று பாதைகளில் பாலக்கோடு – தர்மபுரி தினப்படி ஓட்டத்துக்கு இது பெரிதாக உதவாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் சர்க்கரை ஆலைக்குப் போகும் பருவத்தில், பின்னால் லைட் இல்லாத வண்டியையும், எதிர்த்திசையில் வரும் பைக்கையும், ரோட்டோரம் கட்டிய மாட்டையும் உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். கோடு பார்த்து ஓடும் வசதிக்குக் கோடு வேண்டுமல்லவா. ஓசூர் போகும் நாலுவழிச் சாலையிலும், தர்மபுரி தாண்டி 44-ஆம் எண் சாலையிலும் கதை வேறு. முன்வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தானே கூட்டிக் குறைக்கும் க்ரூஸ், இரவில் பெங்களூரிலிருந்து திரும்பும்போது கால் வலியை உண்மையிலேயே குறைக்கும். நான் ஓசூர் – கிருஷ்ணகிரிக்கு நடுவே அதைத்தான் போட்டு வைக்கிறேன். ஆனால் இடைவெளி விட்டால் நம் ஊரில் யாராவது நடுவே புகுந்துவிடுவார்கள், வண்டி உடனே பிரேக் பிடிக்கும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். சிலருக்கு இது பழகும், சிலர் ஒரு வாரத்தில் அணைத்துவிடுவார்கள். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதே மாடலின் மேல் வேரியண்ட் டெமோ வண்டியை வாங்கி, ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போடாமல் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். டெலிவரிக்குப் பிறகு டேஷ்போர்டில் ஒரு துண்டுச் சீட்டை வைத்து, 'இப்போ அது இருந்தா நல்லா இருக்கும்' என்று தோன்றும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். 80 நாளில் ஐந்தாறு பெங்களூரு பயணம், இரண்டு மூன்று சேலம் பயணம் வரும். பயணத்துக்கு ஒரு கோடுகூட விழவில்லை என்றால் உங்களுக்கு அது தேவையில்லை.

ஒரே ஒரு விஷயம் இருந்தால் என் பதில் மாறும். தானியங்கி அவசர பிரேக் அந்த 45,000 பேக்குக்குள் மட்டும்தான் இருக்கிறது, அடிப்படை வண்டியில் இல்லை என்றால், காசு இருக்கும்பட்சத்தில் முதல் நாளே வாங்குங்கள். உயிர் காக்கும் வசதியைப் பேக்குக்குள் ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை. ஆனால் பிடிக்காத கோபத்தில் அது இல்லாமல் ஓட்டுவது நமக்குத்தான் நஷ்டம்.

பவர் பேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், காசு கொடுத்தால் அந்த வரம்பு கொஞ்சம் உயரும். டெஸ்லா மாடல் 3 லாங் ரேஞ்சுக்கு 2019 டிசம்பரில் 2,000 டாலருக்கு விற்றது இதுதான்: மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 4.4 விநாடி எடுத்தது 3.9 ஆனது. ஃபோக்ஸ்வாகன் 2025-ல் பிரிட்டனில் ஐடி.3 காருக்கு மாதம் 16.50 பவுண்டு, அல்லது வாழ்நாளுக்கு 649 பவுண்டு என்று வைத்தது. மின்சாரக் கார் சும்மாவே எகிறும். அரை விநாடிக்கு 30,000 கொடுத்து, டயரையும் ரேஞ்சையும் சேர்த்துத் தின்னக் கொடுக்க வேண்டுமா? தொப்பூர் இறக்கத்தில் உங்களுக்கு வேண்டியது பவர் இல்லை, நல்ல ரீஜென். அது உங்கள் வண்டியில் காசில்லாமலே வருகிறது. அந்தப் பக்கம் போகும்போது மட்டும் 100 சதவீதம் சார்ஜோடு இறங்காதீர்கள், நிரம்பிய பேட்டரி திரும்ப வரும் கரண்டை வாங்காது, ரீஜென் பிடிக்காது. அப்புறம், பாதி விலையில் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று வெளி ஆள் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேட்டரி வாரண்டி போனால் அந்த 30,000 சில்லறைக் காசாகத் தெரியும்.

கனெக்டட் சேவையில் நானே பாடம் படித்தவன். என் காருக்கு மூன்று வருடப் பேக்கை மொத்தமாகக் கட்டினேன். முதல் மாதம் ஆபீசில் உட்கார்ந்து வண்டி எங்கே நிற்கிறது என்று மேப்பில் பார்ப்பேன். நான்தான் நிறுத்தினேன், எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆறு மாதத்தில் மிஞ்சியது இரண்டு வேலை: கிளம்பும் முன் ஏசி போடுவது, சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பது. இரண்டாவது வருடம் ஆப் மூன்று வாரம் வண்டியோடு பேசவே இல்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் "லாக் அவுட் பண்ணி லாகின் பண்ணுங்க சார்". அந்த மூன்று வாரத்துக்குக் காசு திரும்பி வந்ததா என்றால், வரவில்லை. வருடாவருடம் கட்டியிருந்தால் அந்த வருடத்தோடு நிறுத்தியிருப்பேன். பெரிய கம்பெனிகளிலும் இது நடக்கும். பிரிட்டனில் பழைய 2ஜி இணைப்பை நம்பியிருந்த நிசான் லீஃப் கார்களின் ஆப் வசதியை 2024 ஏப்ரலில் கம்பெனியே நிறுத்தியது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, போனில் மட்டும் தெரியாது.

இன்னும் வராத வசதிக்கு இன்றே காசு கட்டச் சொன்னால் கட்டவே கட்டாதீர்கள். டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது, 59.89 லட்சம் ரூபாய் மாடல் ஒய்க்கு அந்த ஃபுல் செல்ஃப் டிரைவிங் பேக்கை 6 லட்சம் என்று பட்டியலில் வைத்தது, அந்த வசதி இந்தியச் சாலையில் திறக்கப்படாத நிலையிலேயே. 6 லட்சத்தை 6.5 சதவீதத்தில் வங்கியில் போட்டால் வருடம் 39,000 வட்டி. டெஸ்லா 2016 அக்டோபரில், இனி வரும் எல்லா வண்டியிலும் முழுத் தானியங்கி ஓட்டத்துக்கான ஹார்டுவேர் இருக்கிறது என்று சொன்னது. 2025 ஜனவரியில் அதன் தலைவர் எலான் மஸ்க்கே, பேக் வாங்கியவர்களின் மூன்றாம் தலைமுறைக் கம்ப்யூட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். நம் பக்கத்திலும் பார்த்தோமே. போச்சம்பள்ளியில் தயாரான ஓலா ஸ்கூட்டர்கள் 2021 டிசம்பரில் கைக்கு வந்தன. அறிமுகத்தில் சொன்ன க்ரூஸ் கண்ட்ரோல், வழிகாட்டி எல்லாம் 2022 நடுவில்தான் அப்டேட்டாக வந்தன. வந்தது, சரி. ஆனால் காசு முதலில் போனது.

நான் இவ்வளவு நேரம் தள்ளிப்போடச் சொன்னது காசு கொடுத்து வாங்கும் அப்கிரேடை மட்டும்தான். இலவச அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பேட்டரி மேலாண்மை, பிரேக், சார்ஜிங் சம்பந்தப்பட்ட திருத்தம் வந்தால் அந்த வாரமே போட்டுவிடுங்கள். திரையின் தோற்றத்தையே மாற்றும் பெரிய பதிப்பு என்றால் இரண்டு வாரம் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடலாம். வீட்டு வைஃபையில், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது, மறுநாள் காலை அவசரப் பயணம் இல்லாத இரவில்.

கடைசியாக, பேக் எதன் பெயரில் பதிவாகிறது என்று கேளுங்கள். சேசிஸ் நம்பரோடா, உங்கள் ஆப் கணக்கோடா? வண்டியோடு சேர்ந்தது என்றால் விற்கும்போது நாலு காசு கூடக் கிடைக்கும், கணக்கோடு என்றால் அடுத்தவருக்குப் போகாது. அமெரிக்காவில் பழைய டெஸ்லா வாங்கிய ஒருவருடைய வண்டியிலிருந்து, விளம்பரத்தில் இருந்த 8,000 டாலர் வசதியைக் கம்பெனி தூரத்திலிருந்தே எடுத்துவிட்டது. 2020 பிப்ரவரியில் செய்தியாகி ஊர் சிரித்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. கண்ட்ரோல் யூனிட் பழுதாகி மாற்றினால் பேக் தானாகத் திரும்ப ஏறுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், டீலரின் மெயிலிலிருந்து வரட்டும். வந்ததை அச்சடித்து, 90 நாள் விலைக் கடிதத்தோடு சேர்த்து ஆர்சி இருக்கும் கவரில் போட்டு வையுங்கள். இன்று பேசிய பையன் 80-வது நாள் அந்த ஷோரூமில் இருப்பார் என்று சொல்ல முடியாது.